முதல் கண்ணி

காலை ஒன்பது பத்து. சனிக்கோளின் வளையம் கலந்தாய்வு அரங்கின் கண்ணாடிக் கூரையை நிரப்பியது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விண்தூக்கிப் பொறியியல், காலியிடம் ஒன்று.

அது ஒதுக்கீட்டு இடம். அங்கே வசதியுள்ள வீடுகளில் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானதும் காதுக்குப் பின்னால் நினைவுத்தொடர் பொருத்துவார்கள். தந்தை கற்றது, அவருடைய தந்தை கற்றது என்று கண்ணி கண்ணியாக உள்ளே இறங்கும். அது இல்லாதவர்கள் ஆவணங்களில் தொடரிலார்; அந்த ஒதுக்கீடு அவர்களுக்கு. பேச்சில் வெறுந்தலை. தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான்.

செந்தாழை தொடரிலார். வளையத்தில் பனி வெட்டும் குருவம்மாளின் மகள். மதிப்பெண் நூற்று எண்பத்தெட்டு. இடத்தைத் தேரும் பொத்தானை நோக்கிக் கை நீட்டினாள்.

"ஆட்சேபம்," என்று ஒருவர் எழுந்தார். பெயர் பூபாலன். பக்கத்தில் அவர் மகன் துருவன். "என் பையன் நூத்தித் தொண்ணூத்தொண்ணு. பொதுப்பிரிவு ஒரு மார்க்குல போச்சு. இந்தப் பொண்ணு அவனுக்கு மூணு மார்க் கீழ. படிச்சு வாங்கின மார்க்குக்கு மதிப்பே இல்லையா?"

"யாரு படிச்சது சார்?" என்றாள் குருவம்மாள். "எம்மவ ஒருத்தியா எழுதுனா. ஒங்க வீட்ல எட்டுத் தலைமுறையில்ல வந்து எழுதியிருக்கு!"

பின்வரிசையில் சிரித்தார்கள்.

"கோட்டாவுல வந்தவங்க கட்டின தூக்கியில நீங்க ஏறுவீங்களாம்மா?"

"நாங்க வெட்டுன பனியத்தான சார் குடிக்கிறீங்க. தொண்டையில சிக்கிச்சா?"

கலந்தாய்வை நடத்திய இயந்திரம் விதியைச் சொன்னது. "ஆட்சேபிப்பவர் தம் குடும்பத் தொடரை முதல் கண்ணியிலிருந்து சபையில் திறக்க வேண்டும்."

"தாராளமா," என்றார் பூபாலன்.

அவரும் துருவனும் பின்னோக்கி இரண்டாம் கண்ணிவரை போயிருக்கிறார்கள், அதற்கு அப்பால் போனதில்லை. எல்லோருக்கும் மூத்தவரான முதல் கண்ணியில் ஒரு முத்திரை இருந்தது. பழசு, பழுதாகியிருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். இயந்திரம் முத்திரையை நீக்கியது.

அரங்கிலிருந்த நானூறு பேரும் ஒரே உடலுக்குள் விழுந்தார்கள்.

பூமி. யாரும் அறிந்திராத எடை கால்களில் இறங்கியது. சென்னை, ஜூலை மாதம், மழை விட்டிருந்தது. பதினேழு வயது. காலில் இரவல் செருப்பு. நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் உறைக்குள் சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். தாலுகா அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்து வாங்கியவை. பின்னால் யாரோ "கோட்டா கேஸ்" என்றார்கள். பெயர் அழைக்கப்பட்டது. விரல் திரையில் ஒரு கல்லூரியைத் தேர்ந்தது.

வெளியே வந்து அவன் அண்ணாந்து பார்த்தான். மேலே வானம் மட்டும் இருந்தது. வளையம் இல்லை, தூக்கி இல்லை. அத்தனை பெரிய வெறுமையை அரங்கில் எவரும் கண்டதில்லை. அங்கே எதையாவது கட்டலாம் என்று அந்தப் பையனுக்குத் தோன்றியது.

நினைவு அணைந்தது. நானூறு பேரும் நிமிர்ந்து, தலைக்கு மேல் ஒளிர்ந்த வளையத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்கள்போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இயந்திரம் முத்திரையில் இருந்த குறிப்பைப் படித்தது. "அடைத்தவர், முதல் கண்ணியின் மகன். காரணம், அப்பா எப்படி உள்ளே வந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்."

பிறகு, முதல் கண்ணியே ஒதுக்கீட்டில் வந்ததால் ஆட்சேபம் தள்ளுபடி என்றது.

செந்தாழை ஒரு கையால் தன் சான்றிதழ் உறையை நெஞ்சோடு அணைத்தபடி மறு கையால் பொத்தானை அழுத்தினாள். சுவரில் ஒன்று பூஜ்யமானது. குருவம்மாள் மகளைப் பார்த்தாள், பூபாலனைப் பார்த்தாள்.

பூபாலன் இயந்திரத்தின் அருகே குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த முத்திரைய மறுபடி வச்சிட முடியுமா?"

"முடியும்."

துருவன் இன்னும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, நாளைக்கு என் பிள்ளைக்குத் தொடரைக் குடுக்கும்போது, இன்னிக்குக் காலையையும் சேர்த்து அடைச்சிடணுமா?"