மவுஸுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம்

"செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டா, அவ என்னை நம்புவாளா?"

வாசலில் நின்றவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் இப்படித்தான் ஆரம்பித்தாள். கதவைத் திறந்த கொழுந்தன் பதில் சொல்ல வாயெடுத்தான். அண்ணி உள்ளேயிருந்து ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டான். வீட்டில் அவன் பெயரே அவசரம்தான். அண்ணியோ நிறுவனங்களின் கணினிகளைத் தணிக்கை செய்து, யார் எந்த வழியாக உள்ளே நுழைந்தார்கள் என்று கண்டுபிடிப்பவள். அவள் பொறுமையைப் பார்த்தால் அவசரத்துக்குச் சில நாள் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

தண்ணீர் குடித்தபின் வந்தவள் நிதானமாகச் சொன்னாள். கூரியர் அலுவலகமொன்றில் பார்சல்களைப் பதிவு செய்யும் மேஜை அவளுடையது. அவளுடைய உயிர்த்தோழி, அடித்து உதைக்கும் கணவனிடமிருந்து தப்பி, மகளோடு வேறு வீடு பார்த்துக் குடிபோயிருந்தாள். அந்த விலாசம் யாருக்கும் தெரியாது. மகளுக்கு வேண்டிய சாமான்களை எங்கள் அலுவலகம் வழியாகவே வரவழை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தைரியம் கொடுத்தவள் இவள். போன வாரம் ஒரு மாலையில் அந்தக் கணவன் புது வீட்டுக் கதவை உடைத்துவிட்டான். அக்கம்பக்கத்தார் ஓடி வந்ததால் தாயும் மகளும் பிழைத்தார்கள். தோழியின் விலாசம் அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், இவளுடைய கணினிக் கணக்கிலிருந்து திறக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலையிலேயே தலைமை அலுவலகம் இவளை வீட்டுக்கு அனுப்பி, அந்த மேஜையை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டது.

"வேலை போனா வேற தேடிக்குவேன். ஆனா அவ என்னைத் துரோகின்னு நினைச்சு என் நம்பரையே பிளாக் பண்ணிட்டா. அதத்தான் தாங்க முடியல."

சாப்பிடப் போகும்போது திரையைப் பூட்டினாளா என்று அண்ணி கேட்டாள். வந்தவள் முகம் சுண்டிப் போயிற்று. மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். கூட்ட நேரத்தில் திரும்பத் திரும்பக் கடவுச்சொல் தட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் பழைய கைக்கடிகாரம் ஒன்றை வைத்து, அதன் மேல் மவுஸை வைத்துவிடுவாள். கீழே நொடிமுள் ஓட ஓடத் திரையில் அம்பு ஆடிக்கொண்டே இருக்கும். ஆள் இருப்பதாகக் கணினி நம்பிக்கொள்ளும். இந்தத் தந்திரம் அலுவலகம் முழுக்கத் தெரியும்.

"அப்போ தெருவுல போறவன்கூடப் பார்த்திருக்கலாமே," என்று அவசரம் தலையில் கை வைத்தான்.

மூவரும் கூரியர் அலுவலகத்துக்குப் போனார்கள். பதிவு மேஜை போட்டது போட்டபடி இருந்தது. அண்ணி மவுஸைத் தூக்கி, கடிகாரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அன்று காலையில் கணினி ஏதாவது தொல்லை கொடுத்ததா என்று மட்டும் கேட்டாள். டீ குடித்து வந்தபின் இரண்டு தடவை தானாகப் பூட்டிக்கொண்டதாகவும், இயந்திரம் பழசு என்று தான் விட்டுவிட்டதாகவும் வந்தவள் சொன்னாள்.

அன்று மதியம் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் இரண்டு பேர். வேன் டிரைவர் ஒரு விலாசம் பார்க்க மேஜைவரை வந்ததாகவும், திரை இருட்டாக இருந்ததால் திரும்பிவிட்டதாகவும் சொன்னார். நாற்காலிக்குக் கீழே அவருடைய சேற்றுச் செருப்புத் தடம் காய்ந்து கிடந்தது. போதாக்குறைக்கு, அவர் வீடு அந்தக் கணவன் குடியிருக்கும் தெருவில். அவசரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆள் அகப்பட்டாயிற்று என்று அண்ணியின் காதைக் கடித்தான்.

இன்னொருவரான மேலாளர் இரக்கப்பட்டார். "நான் கை கழுவப் போறப்போ திரை எப்பவும்போலத் திறந்துதான் இருந்துச்சு. அம்பு ஆடிக்கிட்டே இருந்துச்சு. யார் வேணாலும் பார்த்திருக்கலாம். இந்தப் பொண்ணு வேணும்னு செய்யல, கவனக்குறைவுதான். மன்னிச்சு விடச்சொல்லி நானே மேல எழுதியிருக்கேன்."

அண்ணி எல்லாரையும் மேலாளர் அறையிலேயே உட்காரச் சொன்னாள். கடிகாரத்தை மேஜை நடுவில் வைத்தாள். முள் பத்தரையில் நின்றிருந்தது. தேதிக் கட்டத்தில் சம்பவம் நடந்த அதே தேதி.

"இது அன்னிக்கு ராத்திரிகூட நின்னிருக்கலாமே, அண்ணி," என்றான் அவசரம்.

"நல்ல கேள்வி, தம்பி. ஆனா டீக்கு அப்புறமே திரை தானாப் பூட்டிக்க ஆரம்பிச்சிருக்கு. அப்போ இது நின்னது காலையில. மதியம் அந்தத் திரை பூட்டித்தான் இருந்திருக்கும். இருட்டா இருந்துச்சுன்னு டிரைவர் சொன்னது நிஜம்."

பிறகு அவள் வந்தவள் பக்கம் திரும்பி, கடவுச்சொல் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். யாருக்கும் தெரியாது என்றவள் பாதியில் நிறுத்தினாள். அவள் கண் மேலாளரிடம் போயிற்று.

"போன மாசம் பிள்ளைக்குக் காய்ச்சல்னு லீவுல இருந்தப்போ சார் கேட்டாரு. சார்தானேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் மாத்தணும்னே தோணல."

"பூட்டின திரை திறந்திருந்ததைப் பார்த்தேன்னு சொல்றீங்களே," என்றாள் அண்ணி மேலாளரிடம். "அதைத் திறந்தது யாரு, சார்?"

மேலாளர் ஒப்புக்கொண்டார். விலாசம் பார்க்கும் அனுமதி பதிவு மேஜைக் கணக்குக்கு மட்டும்தான் உண்டு. அதனால் அதைத் திறந்தாராம். கெட்ட எண்ணம் இல்லையாம். பள்ளிக்கூட நண்பர்கள் குழுவில் பழைய வகுப்புத் தோழன் ஒருவன் சேர்ந்து தினமும் காலை வணக்கம் அனுப்பினான். பிறகு தனியாக எழுதினான். தங்கை கோபித்துக்கொண்டு குழந்தையோடு போய்விட்டாள், உன் அலுவலகம் வழியாகத்தான் அவளுக்குப் பார்சல் வருகிறது, அம்மா படுக்கையில் கிடக்கிறாள் என்று உருகினான். உடைந்த குடும்பம் ஒன்று சேரட்டுமே என்று இவர் விலாசத்தை அனுப்பிவிட்டார்.

"அவன் பொய் சொல்ல மாட்டான். பத்து வருஷம் ஒரே பெஞ்சு."

குரலைக் கேட்டீர்களா என்றாள் அண்ணி. இல்லை. அவனுடைய பழைய எண் இருந்தால் இப்போதே கூப்பிடச் சொன்னாள். மேலாளர் அழைத்தார். மறுமுனையில் நண்பன் மகிழ்ச்சியோடு பேசினான். தான் எந்தக் குழுவிலும் இல்லை, தனக்குத் தங்கையே இல்லை என்றான். மேலாளர் போனை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அம்பு ஆடினா ஆள் இருக்குன்னு மெஷின் நம்புச்சு," என்றாள் அண்ணி. "வணக்கம் வந்தா நண்பன் இருக்கான்னு நீங்க நம்பினீங்க. அது தப்புத்தான், மன்னிக்கலாம். ஆனா கதவு உடைஞ்சது தெரிஞ்சும், இவ தலையில பழியைப் போட்டுட்டு இவளுக்கே இரக்கம் காட்டினீங்க. அது ஏமாந்தது இல்ல, சார்."

அந்தப் பொய்க் கணக்கின் செய்திகளெல்லாம் அன்றே காவல் நிலையத்துக்குப் போயின. கணவனின் போனிலிருந்துதான் அந்தக் கணக்கு இயங்கியது என்பதும், மனைவியின் தோழி அங்கே வேலை செய்வதை வைத்தே பார்சல் வழியை அவன் ஊகித்தான் என்பதும் தெரிய அதிக நாள் ஆகவில்லை. அவனை உள்ளே வைத்தார்கள். தோழிக்கு விவரம் சொல்லும் பொறுப்பை அங்கிருந்த பெண் அதிகாரி ஏற்றுக்கொண்டார். அவசரம் டிரைவரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். அவர் சிரித்துக்கொண்டே செருப்பைத் தூக்கிக் காட்டினாராம்.

வந்தவள் அண்ணி வீட்டு முன்னறையில் இருக்கும்போதுதான் அவள் போன் அடித்தது. தோழி.

"கடவுச்சொல்லக் குடுத்தது நான்தான்டி," என்றாள் எடுத்த எடுப்பில். "தினமும் திரையத் திறந்து போட்டதும் நான்தான். உன்ன அவன்கிட்ட நான் காட்டிக் குடுக்கல. ஆனா உன்ன பத்திரமா வச்சிருக்கவும் இல்ல."

மறுமுனையில் அழுகை கேட்டது. பிறகு, நான்தான் உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டேன், இப்போது நாங்கள் இருப்பது எங்கே தெரியுமா என்று தோழி விலாசத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

"சொல்லாத," என்றாள் இவள் அழுத்தமாக. "எங்கிட்டகூடச் சொல்லாத."

"அப்போ நாளைக்குக் கூப்பிடட்டுமா?" என்று தோழி கேட்டாள்.

"தினம் கூப்பிடு."

அவசரம் ஏதோ சொல்ல நினைத்தான். அண்ணி பார்க்காமலே வாயை மூடிக்கொண்டான்.