ஜுஸ்மா அக்காவின் தோயாத பால்

மூங்கில் குழாய்கள் இரண்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஜுஸ்மா அக்கா வாசலில் வந்து நின்றபோது, பஸ்ரில் அன்றைய வியாபாரத்துக்காக ஈர்க்குகளில் இறைச்சி கோத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஹெல்மிதா அந்த வட்டாரத்தின் கால்நடை மருத்துவர். அவளைத் தேடி ஆடு வரும், கோழி வரும். ஒருமுறை செத்துப்போன வாத்துகூட வந்தது. மூங்கில் வந்ததில்லை.

"டாக்டரம்மா, இதைத் திறந்து பாருங்க" என்று ஜுஸ்மா முதல் குழாயை நீட்டினாள்.

வாய்க்கு மூடியிருந்த வாழையிலையின் நாரை ஹெல்மிதா அவிழ்த்தாள். உள்ளே பால். மூன்று நாள் ஆகியும் பாலாகவே இருந்தது, இலேசான கெட்ட வாடையோடு.

"இப்ப இதைப் பாருங்க."

இரண்டாவதன் இலை ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தது. உள்ளே வெண்ணெய்க் கட்டி போல் கெட்டித் தயிர். கரண்டி அதில் நட்டபடி நின்றது.

"ஒரே எருமைப் பாலு. ஒரே நாள்ல ஊத்தினது. அத்தனை குழாயிலயும் இது ஒண்ணுதான் தோஞ்சிருக்கு. மத்தபடி ரெண்டு வாரமா எதுவுமே தோயல."

சிங்காலாங் மலையடிவாரத்தில் எருமைத் தயிருக்கு உறை குத்துவதில்லை. கறந்த பாலைப் பச்சை மூங்கிலில் ஊற்றி இலையால் மூடி வைத்தால் இரண்டாம் நாள் தானே தோய்ந்துவிடும். அவலும் வெல்லமும் சேர்த்து அதைப் பரிமாறாமல் அங்கே கல்யாணப் பந்தி தொடங்காது. ஜுஸ்மாவின் மகள் வில்தாவுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம்.

"நான் பாலுல தண்ணி கலக்குறேன்னு சந்தையில பேசிக்கிறாங்க. எருமைக்கு உடம்பு சரியில்லையான்னு மட்டும் கேட்டுடாதீங்க. என் புங்கோ ஒரு தும்மல்கூடப் போட்டதில்ல. மருந்து வாடையே அதுக்குத் தெரியாது."

பஸ்ரில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "யாரோ வேணும்னே செய்யிறாங்க. இன்னைக்குக் கடை லீவு."

"சரிங்க போலீஸ்காரரே, வண்டியை எடுங்க" என்றாள் ஹெல்மிதா. அந்த ரப்பர் வளையம் அவள் மணிக்கட்டுக்குப் போயிருந்தது.

தொழுவத்தில் புங்கோ படுத்திருந்தது. ஹெல்மிதா அதன் அருகில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அசை போடவில்லை. சாணம் நீர்த்துக் கிடந்தது. தீவனத் தொட்டியின் விரிசலில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்ததை விரலால் சுரண்டி முகர்ந்தாள்.

பஸ்ரிலுக்கு அவ்வளவு பொறுமை ஏது. குழாய்கள் அடுக்கியிருந்த பரணுக்குப் பின்னால் போய்த் தேடினான். ஈரமண்ணில் ஒரு செருப்புத் தடம். குதிகாலில் பூ அச்சு. நாலு எட்டு வைத்தால் பக்கத்து வீட்டுத் தார்னிஸின் வாசல். அவளும் தயிர் விற்பவள். ஜுஸ்மாவும் அவளும் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. படியில் அதே பூ அச்சுச் செருப்பு, சேறு காயாமல் கிடந்தது. உள்ளே அவளுடைய குழாய்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் ரப்பர் வளையம். பஸ்ரிலின் கண் செருப்பை விட்டு நகரவில்லை. கேஸ் முடிந்தது என்றே நினைத்தான்.

அவன் ஓடி வந்தபோது, வில்தாவுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை ரிசாலோடு ஹெல்மிதா பேசிக்கொண்டிருந்தாள். பிராய்லர் கோழிக் கொட்டகை வைத்திருப்பவன். மாமியார் மனம் குளிர வேண்டும் என்று சாயங்காலந்தோறும் வந்து எருமைக்குப் புல்லும் தவிடும் வைப்பான். இடது கையில் கட்டுப் போட்டிருந்தான்.

"கொட்டகைத் தகரம் கிழிச்சிருச்சு டாக்டரம்மா. ரெண்டு மாசமாச்சு, ஆறல. மூணு தடவை மாத்திரை மாத்திப் பாத்துட்டாங்க."

"கோழிங்க எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்குறீங்க. முன்னெல்லாம் தண்ணியில ஒரு கரண்டி பவுடர் போட்டாப் போதும், நோய் அண்டாது. இப்ப மூணு கரண்டி போட்டாலும் சாகுது."

"புங்கோ?"

"அது நல்லாருக்கு. இப்பல்லாம் இருமுறதே இல்ல" என்று சொல்லிவிட்டு ரிசால் புல்கட்டை அவிழ்க்கக் குனிந்தான்.

ஹெல்மிதா தலையாட்டினாள். போகும்போது தார்னிஸிடம் ஒரு செம்பு பாலும் ஒரு காலி மூங்கிலும் கேட்டு வாங்கி, அந்தப் பாலை ஜுஸ்மாவின் மூங்கிலிலும், ஜுஸ்மாவின் பாலைத் தார்னிஸின் மூங்கிலிலும் ஊற்றி மூடிவைத்தாள்.

இரண்டு நாள் கழித்து எல்லோரும் ஜுஸ்மாவின் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். தார்னிஸ் கதவோரமாக, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிற தோரணையில். பஸ்ரிலால் அடக்க முடியவில்லை. செருப்புத் தடத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்து, விரலை நீட்டினான்.

"நீங்க ராத்திரி வந்தீங்களா, இல்லையா?"

"வந்தேன்" என்றாள் தார்னிஸ்.

ஜுஸ்மா துள்ளி எழுந்தாள். "அடிப் பாவி, என் பாலுல என்னடி கலந்த?"

"உக்காருங்க அக்கா" என்றாள் ஹெல்மிதா. மணிக்கட்டிலிருந்த வளையத்தைக் கழற்றிப் பாயில் வைத்தாள். "நீங்க நாருல கட்டுறவங்க. தோஞ்ச குழாயில மட்டும் ரப்பர் எப்படி வந்துச்சு? இவங்க எதையும் கலக்கல. தன்னோட குழாய் ஒண்ணை உங்க பரணுல வச்சிட்டுப் போயிருக்காங்க."

தார்னிஸ் முந்தானையைத் திருகினாள். "அந்தப் பொண்ணு அடுப்படியில உக்காந்து அழுதது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. இவ மூஞ்சிக்காகச் செய்யல."

ஜுஸ்மா மெல்லப் பாயில் உட்கார்ந்தாள்.

"அப்ப பாலைக் கெடுத்தது யாரு?" என்றான் பஸ்ரில், சற்று இறங்கிய குரலில்.

ஹெல்மிதா இரண்டு குழாய்களையும் திறந்தாள். தார்னிஸின் பால் ஜுஸ்மாவின் மூங்கிலில் அழகாகத் தோய்ந்திருந்தது. ஜுஸ்மாவின் பால் தார்னிஸின் மூங்கிலிலும் தோயவில்லை.

"மூங்கில் மேல குத்தமில்ல. கை மேலயும் இல்ல. பாலுலதான் இருக்கு. பாலைத் தயிராக்குறது கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. நல்ல கிருமி. அதைக் கொல்ற ஏதோ ஒண்ணு இந்தப் பாலுல இருக்கு. புங்கோ அசை போடல, வயிறு கழியுது. அது வயித்துல இருந்த நல்ல கிருமியும் செத்திருக்கு. தொட்டியில மஞ்சள் பவுடர் ஒட்டியிருக்கு." அவள் ரிசால் பக்கம் திரும்பினாள். "தம்பி, புங்கோ ஒரு தும்மல்கூடப் போட்டதில்லன்னு அத்தை சொல்றாங்க. நீ மட்டும் எப்படிப்பா இருமல் நின்னுபோச்சுன்னு சொன்ன?"

ரிசால் தலைகுனிந்தான். காது சிவந்தது.

"இருமுச்சு டாக்டரம்மா. சாயங்காலம் மட்டும்தான், அதான் அத்தைக்குத் தெரியல. கல்யாணத்துக்கு முன்னாடி படுத்துட்டா அத்தை தாங்கமாட்டாங்களேன்னு, கோழிக்குப் போடுற மருந்துப் பவுடரைத் தவிட்டுல கலந்தேன். தினமும். நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் வில்தா.

"சொன்னா நீ உங்கம்மாகிட்டச் சொல்லுவ."

வில்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெல்மிதா சிரிக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. நோய் வராமலே முதல் நாள்லேருந்து பவுடர் போட்டா, சாதுவான கிருமி செத்துடும். மருந்துக்கு அசையாத முரட்டுக் கிருமி மட்டும் மிஞ்சும். போட்டிக்கு ஆளில்லாம அதுதான் பெருகும். அதனாலதான் உனக்கு மூணு கரண்டியும் பத்தல. அந்தக் கொட்டகைத் தகரந்தான் உன் கையைக் கிழிச்சது. அதே கிருமி புண்ணுல ஏறியிருக்கும்னு எனக்குச் சந்தேகம். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. புண்ணுலேருந்து கிருமியை எடுத்து வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பாக்கச் சொல்லு. தள்ளிப்போட்டா கை போயிடும்."

ரிசால் கட்டுப் போட்ட கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டான். ஜுஸ்மா எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நானும் வரேன். முட்டாப்பயலே, எருமை இருமுனா எங்கிட்ட வந்து சொல்லு. உனக்கு வலிச்சாலும் எங்கிட்ட வந்து சொல்லு." பிறகு, யாரையும் பார்க்காமல், "கல்யாணத்துக்குத் தயிர் உன்னுதுதான் தார்னிஸ். என் மூங்கில்ல ஊத்து, அதுதான் மணம்" என்றாள்.

"உன் மூங்கில் ஒண்ணும் வேணாம்" என்று சொன்ன தார்னிஸ் மறுநாள் காலையிலேயே பால் குடத்தோடு வந்துவிட்டாள்.

பவுடர் நின்று சில நாளில் புங்கோ அசை போடத் தொடங்கியது. அதுவரை கறந்த பாலைக் குழி தோண்டிக் கொட்டினார்கள். ஆஸ்பத்திரிச் சோதனையில் ரிசாலின் கிருமி அநேக மருந்துகளுக்கு மசியவில்லை. மசிந்த ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். புண் வற்றியது. கொட்டகையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, ஹெல்மிதா சொன்னபடி தடுப்பூசி போட்ட குஞ்சுகளை நெருக்கமில்லாமல் விட்டான்.

கல்யாணத்தன்று மேளமும் குடையுமாக ஊர்வலம் வந்து சேர்ந்ததும், ஜுஸ்மா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உறவினர் ஒவ்வொருவரிடமும் அழைத்துப் போனாள்.

"இதுதான் என் பாலைக் கெடுத்த மாப்பிள்ளை" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

கேட்டவர்கள் விடுவார்களா? ரிசால் கதையைச் சொல்லியாக வேண்டியிருந்தது. மூன்றாம் முறை சொல்லும்போது கோழிப் பண்ணைக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். அவர்களில் பருத்த ஒருவர் மட்டும் சிரிப்பை நிறுத்தி, தட்டைக் கீழே வைத்தார்.

"தம்பி, என் கோழிங்களும் மூணு கரண்டிக்கு வந்துருச்சுப்பா. இப்ப என்ன செய்யிறது?"

பஸ்ரில் பந்திக்கு நடுவே புகுந்து அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு கூட்டத்துக்கு மேலாகக் கையை உயர்த்தி மனைவியை அழைத்தான்.

"டாக்டரம்மா, இங்க கொஞ்சம் வாங்க. அடுத்த கேஸ்."