தலைகீழாய் இறங்கிய இலைகள்

"அக்கா! இங்க கொஞ்சம் வாங்க. இந்த இலையெல்லாம் எந்தப் பக்கம் வளருதுன்னு நீங்களே சொல்லுங்க!"

கூடத்திலிருந்து வீட்டின் சின்ன மருமகள் கூப்பிட்டபோது பெரியவள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்தே அவள் இந்தக் குரலுக்குத்தான் காத்திருந்தாள். டம்ளரை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கூடம் கண்ணைப் பறித்தது. பிரம்பு முதுகு வைத்த நாற்காலிகள், வெளிர் மரத்தில் தாழ்வான மேஜை, சுருள் சுருளாக நூல் எழும்பிய வெள்ளை சோபா, அதன்மேல் செங்கல் நிறக் குஷன்கள்... எல்லாம் சின்னவள் இரண்டு மாதமாக அலைந்து பொறுக்கியவை. பதினோரு மணிக்குப் பல் டாக்டரும் அவர் மனைவியும் வருகிறார்கள். இந்தக் கூடம் பிடித்துவிட்டால், அவர்களுடைய புது வீட்டை அலங்கரிக்கும் வேலை சின்னவளுக்கு. அவளுக்கு அதுதான் முதல் வேலை.

ஜன்னலில் இரண்டு திரைகள். வெளிர் பச்சைத் துணியில், அதே பச்சையைக் கொஞ்சம் அழுத்தமாக்கி ஒரு இலைக்கொடி. இப்போதைய மோஸ்தர் அதுதான். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி இருக்க வேண்டுமாம். வலப்பக்கத் திரையில் கொடி மேலே ஏறியது. இடப்பக்கத்தில் தலைகீழாக இறங்கியது.

"யாருக்கா இதை வெட்டினது?"

"நான்தான்."

"நீங்களா? மாமாதானே வெட்டுவாரு?"

"இதை நான் வெட்டினேன். கவனிக்கல. தப்பு என்னோடதுதான்."

பொய் சொல்லிப் பழகாத வாய். ஆனாலும் தடுமாறவில்லை. அவள் கணவர் முப்பது வருஷமாகத் திரையும் சோபா உறையும் வெட்டுகிறவர். கடைத்தெருவில் 'கத்தரிக்காரர்' என்றால்தான் தெரியும், சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவர் வெட்டுவார், இவள் தைப்பாள். அந்தக் கண்கள் மங்க ஆரம்பித்திருப்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத் தெரியும் என்பதை இவளும் அவரிடம் சொல்லவில்லை. விடிந்ததும் திரையைப் பார்த்தவள், தானாக இறக்கினால் அவருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் விட்டுவைத்தாள்.

"பரவால்லன்னு விட்டுட முடியுமாக்கா? வர்றவங்க முதல்ல ஜன்னலத்தான் பாப்பாங்க! நான் முன்னுக்கு வர்றது உங்களுக்குப் பிடிக்கலையா... அப்படின்னா நேராவே சொல்லியிருக்கலாமே!"

மாமியார் நாற்காலியில் இருந்தபடியே எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினார். "நல்லது கெட்டது தெரியாம ஏன்டி கத்தரியத் தொட்ட? அதுதான் அவன் இருக்கானே!"

பெரியவளுக்கு வலித்தது, நிஜமாகவே வலித்தது. ஆனால் அழுவதற்கு இது நேரமில்லை, மணி எட்டேகால்.

"எதுவா இருந்தாலும் அப்புறம் திட்டு. ஸ்டூலை எடு. திரையை இறக்கி, மேல இருக்கிற கொசுவத்தைப் பிரிச்சு, அடி மடிப்பையும் பிரிச்சு, இடம் மாத்தித் தைச்சா சரியாயிடும். இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கு."

"ஒண்ணும் வேணாம்! இனிமே என் துணியில நீங்க கை வைக்காதீங்க!"

"அவ கை வைக்கல."

கத்தரிக்காரர் வாசற்படியில் நின்றார். மெதுவாக வந்து, திரையை மூக்குக்கு அருகே இழுத்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

"நேத்து வெட்டினதும் நான், தைச்சதும் நான். எனக்கு இலையே தெரியலம்மா... வெறும் பச்சையாத்தான் தெரிஞ்சுது. இப்பவும் அப்படித்தான் தெரியுது."

"என்னங்க, நீங்க சும்மா இருங்க..."

"எத்தனை நாளைக்கு? அவ நேத்து வீட்டுல இருந்திருந்தா துணிய நேரா விரிச்சு வெச்சிருப்பா. ஏதோ தூசி தட்டுற மாதிரி வந்து, 'மேல் பக்கம் இது'ன்னு சொல்லிட்டுப் போவா. நானும் தெரியாத மாதிரி இருந்துப்பேன்."

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்றுத்தான் துணி வந்தது. நேற்று முழுவதும் பெரியவள் ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் அனத்திய சின்னவளுடைய குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவள்தான், குஷன் வாங்கப் போகணும் என்று விட்டுவிட்டுப் போனவள்.

"அக்கா... என் பொண்ணப் பாக்கப் போயா... நான் என்ன பேச்சு பேசிட்டேன்!"

காலில் விழப் போனவளைப் பெரியவள் தூக்கிக் கட்டிக்கொண்டாள். இருவரும் விம்மினார்கள். மாமியார், சத்தமில்லாமல் எழுந்து போய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றார் கத்தரிக்காரர், மனைவியைப் பார்த்து.

"நூல் கோத்து வெச்ச ஊசிய நீங்க திருட ஆரம்பிச்ச அன்னிக்கே. அதனாலதான் தினமும் பத்து ஊசி கோத்து வெச்சேன்."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கத்தரிய வெச்சுட்டா அப்புறம் நான் யாருடி? அந்த பயம்தான்."

சின்னவளும் பெரியவளும் எதிரெதிரே உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். மாமியார் இஸ்திரிப் பெட்டியைச் சுட வைத்தார். மிஷின் நிற்காமல் ஓடியது. பத்து ஐம்பதுக்குத் திரை ஏறியது. இரண்டு கொடிகளும் ஒன்றாக மேலே போயின.

பல் டாக்டரின் மனைவி திரையைத் தொட்டுப் பார்த்தார். "தையல் ரொம்ப நல்லா இருக்கே... யார் தைச்சது?"

"எங்க அக்கா," என்றாள் சின்னவள். "காலைல இது தலைகீழா தொங்கிச்சுங்க. அவங்க இல்லன்னா உங்களை வர வேண்டாம்னு போன் பண்ணியிருப்பேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். போகும்போது, "அவங்களே தைக்கறதா இருந்தா எங்க வீட்டு வேலையும் உங்களுக்குத்தான்," என்றார்.

அவர்கள் போனதும் கத்தரிக்காரர் உள்ளே போய்த் தம் கத்தரியை எடுத்து வந்து மனைவியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும். நாளைக்குக் காலைல கண் டாக்டரைப் பாக்கிறோம். பாத்துட்டு வந்து கேளுங்க, தரேன்."

"சரியாகலன்னா?"

"நீங்க சொல்லுங்க, நான் வெட்டறேன். முப்பது வருஷமா நீங்க வெட்டினதைத்தானே நான் தைச்சேன்... வாங்க, முதல்ல சாப்பிடலாம்."