ஷூவோடு குளத்தில் இறங்கியவன்

"ஐயோ! மாமா தண்ணிக்குள்ள நிக்கிறாரு!"

அத்தனை குழந்தைகளும் ஒன்றாக அலறின. அவன் குனிந்து பார்த்தான். வழவழப்பான மரத்தரை, அதன் மேல் அவனுடைய ஷூ. தண்ணீர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அவன் குடிநீர் வாரியத்தில் பொறியாளன், இருந்தால் தெரிந்திருக்கும்.

அக்கா மகள் பட்டாணியை பாலே வகுப்பில் விட வந்தவன், அவள் மறந்துவிட்ட பாட்டிலைக் கொடுக்க ஹாலின் குறுக்கே நடந்துவிட்டான். குற்றம் அவ்வளவுதான்.

"சார், அது குளம்," என்றாள் டீச்சர். கண்கள்... மழைக்கு முந்தைய வானம். எந்த நிமிடமும் சிரிப்பு கொட்டலாம். "விழுந்தவங்க தவளையாகணும். இங்க அதுதான் சட்டம்."

"மேடம், இது வெறும் தரை. டான்ஸ் எப்ப சொல்லித் தருவீங்க?"

அவள் கண்ணில் அந்த வானம் சட்டென்று வெளுத்தது.

"இவ்வளவு நேரம் அதைத்தான் சொல்லித் தந்துக்கிட்டு இருந்தேன்..."

கரையோரம் முட்டியை விரித்து மடக்கி, எம்பி, சத்தமில்லாமல் இறங்கிய அத்தனை தவளைகளும் அவனை முறைத்தன.

அடுத்த வகுப்பில் பட்டாணி குதிக்கவில்லை. "மாமாதான் தண்ணி இல்லேன்னு சொன்னாரே. மாமாவுக்குத் தண்ணி பத்தி எல்லாம் தெரியும்."

ஊருக்கே தண்ணீர் விடுபவன், ஒரே பேச்சில் ஒரு குளத்தை வற்றவைத்திருந்தான்.

"சும்மா நின்னுட்டு வர்றதுக்கு எதுக்குடா கிளாஸ்? இன்னும் ஒரு தடவை பாப்போம், இல்லேன்னா நிறுத்திடலாம்," என்றாள் அக்கா.

அவனுக்குத் திக்கென்றது. பட்டாணிக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாதி நம்பினான்.

மறுமுறை வெளியே மழை. உள்ளே பட்டாணி மரம்போல நின்றாள். பெஞ்சு நிறைய அம்மாக்கள். அவன் ஷூவைக் கழற்றினான். பேண்ட்டை முட்டிவரை சுருட்டினான். காதெல்லாம் சூடானது.

"பட்டாணி, மாமா தப்பா சொல்லிட்டேன். நல்லா பாக்காம சொல்லிட்டேன்." கால் விரலை நீட்டித் தரையைத் தொட்டான். "அப்பா... என்னா குளிர்!"

குதித்தான். பெஞ்சு கொல்லென்று சிரித்தது.

பட்டாணி மட்டும் சிரிக்கவில்லை. "மாமா! முட்டியை முன்னாடி மடக்காத, பக்கவாட்டுல! தவளை அப்படியா உக்காரும்? இங்க பாரு..."

குதித்துக் காட்டினாள். டீச்சர் வேகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வகுப்பு கலைந்தது. பட்டாணி கதவோரம் செருப்போடு போராடிக்கொண்டிருந்தாள். டீச்சர் எதிர்க்கரையில். அவன் சுவரை ஒட்டிச் சுற்றி நடந்தான்.

"கிளாஸ் முடிஞ்சிடுச்சு சார்... குறுக்காவே வரலாம்."

"முடியலைங்க. எனக்கு இப்ப அங்க தண்ணிதான் தெரியுது." பாதி வழியில் நின்றுவிட்டான். "ஆபீஸ்ல வரைபடத்தை விரிச்சா நீங்க தெரியறீங்க... சுத்தி வளைக்கத் தெரியல. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் பாவாடையின் விளிம்பை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிக்கொண்டாள். பிறகு, நேராகக் குளத்தில் இறங்கி அவனை நோக்கி நடந்தாள்.

"டீச்சர்! நனைஞ்சிடும்!" என்று அலறினாள் பட்டாணி.

"நனையட்டும் செல்லம்..." என்றாள் அவள், அவனையே பார்த்தபடி.