ஒரே தாளில் இருவர்

கணினி வகுப்பு ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. படிக்கட்டில் பட்டப்பகலிலும் சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏற வேண்டும். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பெரியவளுக்குப் படிக்கட்டு என்றாலே பயம். அம்மாவின் விரலை விடவே மாட்டாள். சின்னவள் இருந்திருந்தால் இந்நேரம் மேலே ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருப்பாள்.

இருந்திருந்தால்.

இரட்டைப் பிள்ளைகள். பெரியவளுக்கு இடக் கன்னத்தில் மச்சம், சின்னவளுக்கு வலக் கன்னத்தில். அந்த மச்சம் மட்டும் இல்லாவிட்டால் பெற்றவளே தடுமாறிப்போவாள். மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று சின்னவளைக் கொண்டுபோய்விட்டது. சுவரில் மாட்ட ஒரு படம் இல்லை. கேமராவைக் கண்டாலே ஓடிவிடுகிற பிள்ளை. எடுத்த படங்களில் எல்லாம் முதுகும் கலைந்த தலையும்தான். மனத்தில் இருக்கிற முகம் போதாதா, விட்டுவிடு என்றான் கணவன். போதவில்லை. அந்த முகம் மனத்திலிருந்தும் நழுவத் தொடங்கியிருந்தது. கண்ணை மூடினால் மூக்கு வரும், வாய் வராது. எப்படியாவது அந்த முகத்தை வரைந்துவிட வேண்டும் என்றுதான் இந்த வகுப்புக்கு வந்தாள்.

டீச்சர் நிதானக்காரி. படம் வரையும் மென்பொருளில் லேயர் என்பதுதான் முதல் பாடம் என்றாள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் போல. அடியில் புகைப்படம், அதன்மேல் வெறும் தாள், வண்ணமெல்லாம் அந்த வெறும் தாளில்.

"மூலப் படத்து மேல மட்டும் கை வைக்காதீங்க. தப்பாப் போச்சுன்னா மேல் தாளைத் தூக்கிப் போட்டுடலாம். கீழ இருக்கிறது பத்திரமா இருக்கும்."

தலையாட்டினாள். காதில் ஏறினால்தானே?

டீச்சர்தான் வழியும் காட்டினாள். பெரியவளின் படத்தைத் திறந்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பச் சொன்னாள். ஒரே சொடுக்கு. மச்சம் வலக் கன்னத்துக்குப் போய்விட்டது. அவள் திரையில் அந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆனாலும் அது சின்னவள் இல்லை. சின்னவளின் உதட்டோரத்தில் ஒரு குறும்பு இருக்கும்; ஒரு புருவம் கொஞ்சம் தூக்கியே நிற்கும். அதை இனிமேல்தான் வரைய வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த மட்டுப் புத்தியும் இருக்காது. புதுத் தாளாவது ஒன்றாவது என்று படத்தின்மேலேயே தூரிகையை ஓட்டினாள். அந்த மென்பொருளில் நிறம் எடுக்கும் கருவி ஒன்று உண்டு. முகத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த நிறம் தூரிகைக்கு வந்துவிடும். பெரியவளின் கன்னத்திலிருந்து எடுத்தாள். உதட்டிலிருந்து எடுத்தாள். தினமும் சேமித்து மூடுவாள். மறுநாள் வந்து அதையே திறப்பாள்.

முகம் மெல்ல மெல்லக் கூடிவந்தது. கூடவே ஒரு வாசமும் வந்தது. காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாசம். கடைசி நாட்களில் சின்னவளின் மூச்சில் இருந்த வாசம். டீச்சரிடம் கேட்டாள். பழைய கட்டடம், ஈரம் ஊறுகிறது, வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள் டீச்சர்.

பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியவள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, குளிருது."

"இரு கண்ணு, இன்னும் கொஞ்சந்தான்."

பாவி, ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அன்று மத்தியானமே மழை இருட்டு. புருவத்தை முடித்து உதட்டோரத்துக்கு வந்தாள். மௌஸைப் பிடித்திருந்த கையின்மேல் ஏதோ படிந்தது.

சின்ன விரல்கள்.

ஈரமாக, லேசாக, அவள் கையை அவை நகர்த்தின. உதடு தானாக வளைந்தது.

அதே குறும்பு.

திரையிலிருந்து சின்னவள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. பெரியவளிடம் காட்டத் திரும்பினாள். பெரியவள் வலக் கன்னத்தைச் சுவரில் சாய்த்துத் துவண்டு கிடந்தாள். உதட்டில் ரத்தமே இல்லை. தொட்ட கை சில்லிட்டது. இடக் கன்னத்தில் மச்சத்தைக் காணோம்.

இத்தனை நாளும் நிறத்தை எங்கிருந்து எடுத்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

கணினிக்கு ஓடிவந்து, செய்ததைத் திரும்பப் பெறும் விசையை அழுத்தினாள். அன்று வரைந்தது மட்டும் கொஞ்சம் பின்னால் போய் நின்றுவிட்டது. பக்கத்து அறையில் இருந்த டீச்சரிடம் பதறிக் கேட்டாள். மூடித் திறந்த படம் பழைய படிகளுக்குத் திரும்பாது, மேல் தாளை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. மேல் தாள் ஏது? பிள்ளைகள் இருவரும் ஒரே தாளில் கிடந்தார்கள்.

முழுவதையும் அழித்தால்தான் எடுத்த நிறம் திரும்பும் என்று தோன்றியது. அழிப்பானை எடுத்தாள்.

காதருகில் ஒரு மூச்சு.

"அம்மா, அழிக்காதே."

கை நின்றது.

"குளிருதும்மா..."

ஒருமுறை இழந்த பிள்ளையைத் தன் கையாலேயே மறுபடியும் அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? உயிரோடு இருக்கிற பிள்ளையாவது மிஞ்சட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். நெற்றி போனது. கண்கள் போயின. அந்த உதடும் போனது. திரை வெள்ளையாகிவிட்டது.

பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது. பிள்ளை எழுந்து நின்றாள். அவளை வாரி அணைத்துக்கொண்டு கதறினாள். உடம்பு கதகதப்பாக இருந்தது. அவளுக்கு அது போதும். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலுக்கு நடந்தாள்.

படிக்கட்டு வந்ததும் பிள்ளை கையை உதறிவிட்டு, அந்த இருட்டில் தடதடவென்று கீழே ஓடினாள்.

பெரியவளுக்குப் படிக்கட்டு என்றாலே பயம்.

வாசல் வெளிச்சத்தில் நின்று பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டோரத்தில் குறும்பு. வலக் கன்னத்தில் மச்சம்.

"அம்மா, அக்கா வரலையா?"

முதலில் பெற்ற வயிறு குளிர்ந்தது. ஐயோ, குளிரத்தான் செய்தது. அதற்குப் பிறகுதான், இத்தனை நாளாகக் குளிருது குளிருது என்று சொன்ன குரல்தான் காதருகில் அழிக்காதே என்றும் கெஞ்சியது என்று உறைத்தது.

தடுக்கி விழுந்து வகுப்பறைக்குத் திரும்பி ஓடினாள். டீச்சர் துணியால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் திரையில், முன்பு இடக் கன்னம் இருந்த இடத்தில், ஒரு சின்னக் கரும்புள்ளி.

"தூசின்னு நினைச்சேன். போகவே மாட்டேங்குது."

"துடைக்காதீங்க டீச்சர்."

அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தாள். கண்ணாடி சில்லென்று இருந்தது.

கீழேயிருந்து சின்னவள், "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.