உறுமிக் கயிற்றில் ஒரு வண்டு

"என் தம்பிய திருடன்னு சொல்றாங்கக்கா. தைப்பூசத்துக்கு அவன் வாசிக்கக் கூடாதாம்லா!"

சாந்தினியின் அழுகை ஓயும்வரை இசபெல்லா பொறுத்திருந்தார். போலீசாருக்காகப் பூச்சிகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர் அவர். கீழ்வீட்டு விமலாவுக்கு அவரைப் போல் இன்னொருவர் ஈப்போவிலேயே கிடையாது. ஓர் ஈயைக் காட்டினால் போதும், அது மீன் சந்தையில் திரிந்ததா மாட்டுக்கொட்டகையில் திரிந்ததா என்று சொல்லிவிடுவாராம். இதை ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளும் விமலாதான் சாந்தினியையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தாள்.

சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் உறுமி மேளக் குழு கூடியிருந்தது. பூசை போட்ட உறுமி போன வாரம் காணாமல் போய், சாந்தினியின் தம்பி கோகிலன் வீட்டுக்குப் பின்னால் பாழடைந்து கிடந்த ரப்பர் புகைக்கூடத்தில் அகப்பட்டிருந்தது.

"வேற யாரு எடுப்பா?" என்றான் குழுத்தலைவன் தனேஸ்வரன், மொட்டைத் தலையைத் தடவியபடி.

இசபெல்லா கண்ணாடி வில்லையோடு உறுமியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கயிற்று முடிச்சிலிருந்து செத்துப்போன சின்னப் பூச்சி ஒன்றை ஊசியால் எடுத்தார்.

"கரப்பான் குஞ்சாக்கா?" விமலா எட்டிப் பார்த்தாள்.

"மின்மினி. அதுவும் வண்டுதான்."

தனேஸ்வரன் சிரித்தான். "அது எங்க தோட்டத்துலயும் பறக்குதுலா, அக்கா."

"பறக்கும் தம்பி. ஆனா இதோட இறக்கை நுனி கீழ மடிஞ்சிருக்கு. இந்த வகை உப்புத்தண்ணி ஏறி இறங்குற ஆத்தோரச் சதுப்பு மரத்துலதான் கூடும். உறுமி கடல் பக்கம் போய் வந்திருக்கு."

பிறகு ஓரமாக நின்ற கோகிலனின் சட்டைக் காலரிலிருந்து எள்ளளவு வண்டு ஒன்றைத் தட்டி எடுத்தார். "செம்பனைப் பூ வண்டு. எண்ணெய் எடுக்குற செம்பனைத் தோட்டத்துல வேலை செய்யிற இவன் மேல எங்க பார்த்தாலும் இருக்கு. உறுமியில ஒண்ணுகூட இல்ல. இது மட்டும் சாட்சியாகாதுதான். விமலா, நேர்த்திக்கடனுக்கு மொட்டை எப்பப் போடுவாங்க?"

"தைப்பூசத்தன்னிக்கு..." விமலாவின் பார்வை தனேஸ்வரன் தலையில் போய் நின்றது. தைப்பூசம் இன்னும் வரவில்லை.

இசபெல்லாவின் குரல் தணிந்தது. "கடல் பக்கம் யாரு தவறிட்டாங்க தம்பி?"

தனேஸ்வரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஹுத்தான் மெலிந்தாங்ல என் சித்தப்பா. பிள்ளையில்ல, நான்தான் கொள்ளி வெச்சேன். மேளமில்லாம அனுப்ப மனசு வரல. வெளிய தெரிஞ்சா உறுமிக்கும் தீட்டு, எனக்கும் இந்த வருசம் காவடி இல்ல. யாருக்கும் தெரியாம தீட்டுக் கழிக்கலாம்னு, ஆள் போகாத அந்தப் புகைக்கூடத்துல வெச்சேன். கோகிலன் மேல பழி விழுந்தப்ப... வாயத் தொறக்கல."

"இத கோயில் சனங்க முன்னாடி, இதே வாயால சொல்லணும்!" சாந்தினி சீறினாள்.

"சொல்றேன்கா."

கோகிலன் இப்போது கையை ஓங்குவான் என்று விமலா நினைத்தாள். அவன் தனேஸ்வரன் எதிரே குந்தினான்.

"சாவு வீட்டுல தனியாவா அடிச்ச?"

"ஆமாடா."

"மடையா, கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்லா, மச்சான்."