இரண்டு கைக்குட்டைகளும் அரட்டையும்

வாய் ஓயாது என்பதால் எல்லோரும் அவளை அரட்டை என்றே கூப்பிட்டார்கள். அப்பா சலவைக் கடை வைத்திருந்தார். மாடியில் தையல் அத்தை குடியிருந்தார். அம்மா வேலையிலிருந்து வரும்வரை அரட்டைக்குச் சோறு போட்டு, அவள் பேச்சைச் சலிக்காமல் கேட்பவர் அவர்தான்.

அன்று அத்தை வீட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"எங்கே போறீங்க அத்தை?"

"மாசக் கடைசியில வேற வீடு கண்ணு. உங்க கடைப் புகையால ஜன்னலைத் திறக்க முடியல. தைக்கிற வெள்ளைத் துணியிலெல்லாம் கரி படியுது." அத்தை லொக்கு லொக்கென்று இருமினார்.

அரட்டைக்குத் தூக்கிவாரிப்போட்டது. தடதடவென்று கீழே ஓடினாள்.

"அப்பா, துணி காயவைக்கிற டீசல் மெஷினை நிறுத்துங்க! அத்தை போறாங்களாம். டீசல் எரிஞ்சா வர்ற கார்பன் பூமியையே சூடாக்குதுன்னு டீச்சர்கூட சொன்னாங்க."

அப்பாவின் முகம் வாடியது. "நிறுத்திட்டா எப்படிம்மா சாப்பிடறது? தொழில் வளர்ந்தா புகையும் கூடத்தானே செய்யும்? நாடே அப்படித்தானே வளருது."

அரட்டை உலர்த்தும் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். ஒரு மெத்தையே நுழையும் உருளைக்குள் இரண்டே கைக்குட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"இதுக்கா இவ்வளவு புகை?"

"ஒருத்தர் துணியோட இன்னொருத்தர் துணியைச் சேர்க்கக் கூடாதும்மா. வக்கீல் கால்சட்டை பல் டாக்டர் வீட்டுக்குப் போனது மறந்துபோச்சா?"

மறக்குமா? குள்ளமான பல் டாக்டர் அதைப் போட்டுக்கொண்டு தடுக்கி விழுந்ததைத் தெரு முழுக்கச் சொன்னதே அரட்டைதான். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு தடவை இயந்திரம் ஓடியது.

அரட்டை மறுபடி மாடிக்கு ஓடினாள். "அத்தை, வலைத்துணி இருக்கா? பை தைக்கணும்!"

அத்தை சிரித்துக்கொண்டே தைத்தார். ஒவ்வொரு பைக்கும் ஒவ்வொரு நிற நாடா. வக்கீலுக்கு நீலம், பல் டாக்டருக்குச் சிவப்பு. அவரவர் துணியை அடைத்த எல்லாப் பைகளும் ஒன்றாக உருளைக்குள் போயின. அப்பா நகம் கடித்தபடி நின்றார். துணிகள் நன்றாகக் காய்ந்தன. ஒன்றுகூட ஆள் மாறவில்லை!

மாதக் கடைசிக்குள் ஓட்டல்காரரும் துணி போட ஆரம்பித்துவிட்டார். வேலை கூடியது, இயந்திரமோ பாதி நேரம் சும்மா கிடந்தது. புகையும் குறைந்தது.

அப்பா மாடியேறினார். "என் பொண்ணை இத்தனை நாள் பாத்துக்கிட்டீங்க. பதிலுக்கு நான் புகையைத்தான் கொடுத்தேன். அதையும் நீங்களே குறைச்சுக் கொடுத்தீங்க. ரொம்ப நன்றிக்கா."

"யோசனை இவளோடதுதானே? இவளுக்குச் சொல்லுங்க."

அத்தை ஜன்னலை அகலத் திறந்தார். சிலுசிலுவென்று காற்று வந்தது. பிறகு ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, அரட்டையின் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

அரட்டை முதல் தடவையாக ஒரு வார்த்தையும் பேசாமல், அத்தையை இறுகக் கட்டிக்கொண்டாள்.